கடிதத்தில் தோழன், வாசலில் எதிரி

கம்ப்யூட்டர் வழியாகப் பழகியவர்களை நேரில் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி எல்லோருக்கும் தெரியும். "யாரு என்னன்னே தெரியாம எப்படிப் போவ?" அம்மாக்கள் கேட்கும் இந்தக் கேள்வி ஏதோ நம் காலத்தில் முளைத்தது என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். அதற்குக் கிட்டத்தட்ட நூறு வயது இருக்கும். அதற்கு முன்னாலும் இருந்திருக்கலாம். ஆனால் முன்பின் பார்த்திராத ஒரு கூட்டம், எழுத்தில் மட்டுமே சிநேகமாகி, எழுத்திலேயே சண்டையும் போட்டு, அப்புறம் "சரி, நேர்ல பார்த்துடலாம்" என்று கிளம்பிய கதை தெளிவாகப் பதிவாகியிருப்பது 1920களின் கடைசியில் இருந்துதான். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். காதல் கோட்டை (1996) மாதிரி ரயில்வே ஸ்டேஷனில் கண்ணீரும் கம்பீரமுமாக முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதன் உச்சகட்டக் காட்சியில் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்தித் துரத்தி விட்டார்கள்.

முதலில் கதாநாயகன். அல்லது வில்லன், உங்கள் இஷ்டம். ஹியூகோ கெர்ன்ஸ்பேக். லக்ஸம்பர்கில் 1884ல் பிறந்து, 1904ல் அமெரிக்கா வந்தவர். ரேடியோ உதிரி பாகங்களைத் தபாலில் விற்கும் வியாபாரம் செய்தார், அப்படியே பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்று ஒரு மாத இதழ் ஆரம்பித்தார். விலை 25 சென்ட். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே அமெரிக்காவில் வந்த முதல் பத்திரிகை. முதல் இதழ்களில் ஜூல்ஸ் வெர்ன், ஹெச்.ஜி. வெல்ஸ் கதைகளை மறுபிரசுரம் செய்தே பக்கத்தை நிரப்பினார்கள்.

பத்திரிகையை விடுங்கள், நம் கதைக்கு முக்கியம் அதன் கடைசிப் பக்கங்களில் வந்த வாசகர் கடிதங்கள். 1927 ஜனவரியில் அந்தப் பகுதி தொடங்கியது. எந்தப் பத்திரிகையில்தான் வாசகர் கடிதம் இல்லை என்று கேட்பீர்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. கடிதம் எழுதியவரின் பெயரோடு கதவு எண், தெரு, ஊர் என்று முழு விலாசத்தையும் அச்சிட்டார்கள்.

அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் இருந்துதான் மொத்தமும் கிளம்பியது.

அந்தக் காலத்தில் விஞ்ஞானக் கதை படிக்கும் பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊரில் அவன் ஒருத்தன்தான் படிப்பான். அட்டையில் ராட்சச எறும்பும் ராக்கெட்டும் இருக்கும், வீட்டில் திட்டு விழும். (ஐசக் அசிமோவின் அப்பா புரூக்ளினில் வைத்திருந்த மிட்டாய்க் கடையிலேயே இந்தப் பத்திரிகைகள் விற்பனைக்குத் தொங்கும். ஆனால் மகன் தொடக் கூடாது. தலைப்பில் 'சயன்ஸ்' என்ற வார்த்தை இருந்ததைக் காட்டித்தான் ஒரு பத்திரிகைக்கு அனுமதி வாங்கினார் அசிமோவ்.) அப்படி இருக்கிறவன் ஒரு நாள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், தன்னைப் போலவே இன்னொருத்தன், அதுவும் பத்துத் தெரு தள்ளி இருக்கிறான்! தபால் தலை இரண்டே சென்ட். (1932 ஜூலையில் மூன்று சென்ட் ஆக்கினார்கள்.) எழுதிப் போட்டு விட்டான். பதில் வந்தது. முதலில் கதையைப் பற்றி எழுதினார்கள், அப்புறம் ராக்கெட், அப்புறம் அரசியல். பிறகு கையால் உருளையில் நகலெடுத்து சொந்தமாகக் குட்டிப் பத்திரிகைகள் நடத்த ஆரம்பித்தார்கள். 1930ல் ஆரம்பித்தது இது. கிளீவ்லாந்தில் ஜெர்ரி சீகல் என்ற பள்ளிக்கூடப் பையன் 1932ல் இப்படி ஒன்றைத் தொடங்கினான். படம் போட்டுத் தந்தது கூடப் படித்த ஜோ ஷுஸ்டர். இந்த இரண்டு பேர் 1938ல் வெளிக் கொண்டு வந்த ஆசாமியின் பெயர் சூப்பர்மேன்.

எழுத்தில் இருப்பது வெறும் பெயர்தான். பெயருக்கு வயது கிடையாது, நிறம் கிடையாது, குள்ளம் நெட்டை கிடையாது. நேரில் போனால் இது எல்லாமே இருக்கும். இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு சுவாரசியம்.

நியூயார்க் நகரில் 1929 டிசம்பரில் கூடிய 'சயன்ஸீயர்ஸ்' என்ற சங்கத்தைத்தான் இந்த ரசிகர்களின் முதல் உள்ளூர்ச் சங்கம் என்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பதின்ம வயது வெள்ளைக்காரப் பையன்கள். அவர்கள் கூடியது ஹார்லெமில். தலைவர் வாரன் ஃபிட்ஸ்ஜெரால்ட். முப்பது வயதை ஒட்டியவர், கறுப்பினத்தவர். கூட்டம் நடந்தது அவர் வீட்டில். வருடத்தை மறுபடி கவனியுங்கள், 1929. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பஸ், பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் வரை நிறத்தால் பிரித்து வைத்திருந்த காலம். வடக்கிலும் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை நிறம்தான் முடிவு செய்தது. அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் சேர்ந்து ஒரு கறுப்பினத்தவரைத் தலைவராக வைத்து, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செவ்வாய் கிரகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இதை வைத்துப் பெரிய சமத்துவ மாளிகை கட்ட முடியாது. அதற்குப் பிறகு பல பத்து வருடங்களுக்கு இந்த ரசிகர் கூட்டம் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் முதல் சங்கத்தின் முதல் தலைவர் இவர் என்பது மறக்கப்பட்டுப் போகிற அளவுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆரம்பகால ரசிகர்கள் என்று யாரையாவது கேட்டால் பத்துப் பெயர் சொல்வார்கள், அதில் இது இருக்காது.

அதே நியூயார்க் சங்கத்தில்தான் மார்ட் வைசிங்கரும் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் பழக்கமானார்கள். பிற்காலத்தில் இருவரும் அடுத்தடுத்து சூப்பர்மேன் காமிக்ஸுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். கிளீவ்லாந்துப் பையன்கள் பெற்ற பிள்ளையை நியூயார்க் பையன்கள் வளர்த்தார்கள் என்று வைத்துக் கொள்ளலாம்.

வயது விஷயத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஹெச்.பி. லவ்கிராஃப்ட் கேள்விப்பட்டிருப்பீர்கள், திகில் கதை மன்னர். வாழ்நாளில் பல்லாயிரம் கடிதம் எழுதிய மனிதர். சந்திக்காமலே சிநேகம் வைத்திருந்தவர்கள் ஏராளம். 'கோனன்' பாத்திரத்தைப் படைத்த ராபர்ட் ஈ. ஹோவர்டும் இவரும் 1930ல் இருந்து 1936ல் ஹோவர்ட் இறக்கும் வரை பக்கம் பக்கமாக நாகரிகமா காட்டுமிராண்டித்தனமா என்று விவாதித்தார்கள். ஒரு முறை கூட நேரில் பார்த்தது கிடையாது. (அவரைத் திருமணம் செய்துகொண்ட சோனியா கிரீனை மட்டும் நேரில்தான் முதலில் பார்த்தார். 1921ல் பாஸ்டனில், பொழுதுபோக்காகப் பத்திரிகை அச்சடிப்பவர்களின் மாநாட்டில். யூதர்களைப் பற்றி அசிங்கமாக எழுதிய மனிதர் திருமணம் செய்தது ஒரு யூதப் பெண்ணை. எழுத்தில் இருக்கும் ஆள் வேறு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் வேறு என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டுமா? அப்படித் திருமணம் செய்தும் அவர் எழுத்து பெரிதாக மாறி விடவில்லை, அதையும் சொல்லி விட வேண்டும்.)

லவ்கிராஃப்டுக்கு 1931ல் ராபர்ட் பார்லோ என்பவர் எழுத ஆரம்பித்தார். அரிய புத்தகங்கள் சேகரிப்பவர், நல்ல வாசகர், கதையும் எழுதுவார். மூன்று வருடம் கடிதப் போக்குவரத்து. வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று அழைப்பும் வந்தது. 1934 மே மாதம் லவ்கிராஃப்ட் பஸ் பிடித்துப் போனார். அவருக்கு வயது 43. வரவேற்ற பார்லோவுக்கு வயது பதினாறை நெருங்கிக் கொண்டிருந்தது. அதாவது முதல் கடிதம் எழுதும்போது பதின்மூன்று! வயதை மூன்று வருடமாக மூச்சு விடாமல் மறைத்து வைத்திருந்தான் பையன்.

இன்றைக்கு இப்படி ஒரு செய்தி படித்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காரணமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே நடந்தது வேறு. லவ்கிராஃப்ட் அந்தக் குடும்பத்தோடு ஏழு வாரம் தங்கினார். இருவரும் சேர்ந்து கதை எழுதினார்கள். அடுத்த வருடக் கோடையிலும் போனார். 1937ல் லவ்கிராஃப்ட் இறந்தபோது தன் எழுத்துகளைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பை அந்தப் பையனுக்குத்தான் எழுதி வைத்திருந்தார். அப்போது அவனுக்கு 18. கையெழுத்துப் பிரதிகள் பிரவுன் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது பார்லோவால்தான். அது நடக்காமல் இருந்தால் லவ்கிராஃப்டின் காகிதங்களில் எத்தனை பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்குமோ. பார்லோ பிற்பாடு மெக்சிகோ போய் நவாட்ல் மொழி ஆராய்ச்சியில் பெரிய பெயர் வாங்கினார்.

பெற்றோர் முன்னிலையில், வீட்டுக்குள்ளே நடந்த சந்திப்பு இது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

சரி, கெர்ன்ஸ்பேக்குக்குத் திரும்புவோம். பி.காம் படிக்கிறவனுக்கு இந்த மனிதரை விட்டு விலக மனசு வராது :-) கம்பெனி 1929ல் திவால். 'அமேசிங்' கையை விட்டுப் போனது. அசரவில்லை, அதே வருடம் வேறு பத்திரிகை ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு 'வொண்டர் ஸ்டோரீஸ்'. எழுத்தாளர்களுக்குப் பணம் தருவதில் மட்டும் ஆள் மகா மோசம். லவ்கிராஃப்ட் இவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'எலி ஹியூகோ'. 1934ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், விற்பனையைத் தூக்கி நிறுத்த இவருக்கு ஒரு யோசனை வந்தது. 'சயன்ஸ் ஃபிக்ஷன் லீக்' என்று ஒரு சங்கம். உறுப்பினர் சான்றிதழ், சட்டைப் பொத்தான் சின்னம், ஊருக்கு ஊர் கிளை, கிளைச் செய்திகள் பத்திரிகையில் பிரசுரம். சுத்தமான மார்க்கெட்டிங். வாடிக்கையாளரைச் சங்கமாக்கி விட்டால் அவன் அடுத்த மாதமும் வாங்குவான். இதையெல்லாம் ஓட்டிய ஆசிரியர் சார்ல்ஸ் ஹார்னிக் வேலைக்குச் சேரும்போது அவருக்கு வயது 17. அவரும் குட்டிப் பத்திரிகை நடத்திய ரசிகர்தான். சம்பளம் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆனால் கெர்ன்ஸ்பேக் கணக்கில் ஒன்று விட்டுப் போனது. வாடிக்கையாளர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் அவர்கள் தங்களுக்குள் பேசிக் கொள்வார்கள். என்ன பேசுவார்கள்? "உனக்குக் காசு வந்துச்சா?"

டொனால்ட் வோல்ஹைம் என்ற நியூயார்க் இளைஞரின் கதை 1934 ஜனவரி இதழில் வந்தது. பணம் வரவில்லை. தனியாளாக இருந்தால் நாலு கடிதம் எழுதிப் பார்த்து விட்டுச் சும்மா இருந்திருப்பார். அவர் அப்படி இருக்கவில்லை. பணம் வராத மற்றவர்களையும் தேடிப் பிடித்து, சேர்ந்து வக்கீல் வைத்தார். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே 75 டாலருக்கு சமரசம் ஆனது. 1935ல் வோல்ஹைமை லீகில் இருந்து நீக்கி விட்டார்கள். 1936ல் கெர்ன்ஸ்பேக் பத்திரிகையையே விற்று விட்டார்.

லீக் போனாலும் கிளைகள் போகவில்லை. முதலாளி போய் விட்டார், சங்கம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கிளை 1934 அக்டோபரில் ஆரம்பித்தது. இன்றைக்கு வரை வேறு பெயரில் உயிரோடு இருக்கிறது. 1937ல் அதில் வந்து சேர்ந்த, தெருமுனையில் நாளிதழ் விற்ற பையன் ரே பிராட்பரி. அவர்கள் கூடியது கிளிஃப்டன்ஸ் என்ற உணவு விடுதியில். கையில் காசில்லாதவன் முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்பது அந்தக் கடையின் கொள்கை. பெருமந்த காலத்தில் இலக்கியம் வளர இது மாதிரி கடைகளும் ஒரு காரணம் என்பேன்.

இதுவரை எல்லாம் உள்ளூர்ச் சந்திப்பு. ஊர் விட்டு ஊர் போய்ச் சந்தித்தது 1936 அக்டோபரில். நியூயார்க்கில் இருந்து ஏழெட்டுப் பேர் ரயிலேறி பிலடெல்பியா போனார்கள். வோல்ஹைம், பதினாறு வயது ஃப்ரெடரிக் போல், ஜான் மிஷல், வில்லியம் சைகோரா, டேவிட் கைல். அங்கே மில்டன் ராத்மன் வீட்டில் கூடினார்கள். இருந்தவர்கள் மிகச் சிலர்தான். கூடி உட்கார்ந்ததும் "இதுதான் உலகின் முதல் விஞ்ஞானக் கதை மாநாடு" என்று தாங்களே தீர்மானம் போட்டுக் கொண்டார்கள். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ரசிகர்கள் பல மாதங்களாக முறைப்படி அறிவித்து ஒரு மாநாட்டுக்கு ஏற்பாடு செய்து கொண்டிருந்தார்கள். முதல் பெயர் அவர்களுக்குப் போகக் கூடாதே! எது முதல் என்ற சண்டை இன்று வரை ஓயவில்லை. என்னைக் கேட்டால் லீட்ஸ்தான். நாலு பேர் நண்பன் வீட்டுக்குப் போனதை மாநாடு என்று சொன்னால் எங்கள் காலேஜ் கேன்டீனில் தினமும் மாநாடுதான்.

லீட்ஸ் கூட்டம் 1937 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. இடம் தியசாபிகல் ஹால். (ஆமாம், நம்ம அடையாறு ஆலமரத்துக்காரர்களின் அதே தியசாபிகல் சங்கம்தான். வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.) வந்தவர்கள் சுமார் இருபது பேர். அவர்களில் ஒருவர் லண்டனில் அரசுத் தணிக்கைத் துறையில் குமாஸ்தாவாக இருந்த 19 வயது இளைஞர். சின்ன வயதில் சொந்த ஊர்ப்பக்கம் வுல்வொர்த் கடையில் மூன்று பென்னிக்குத் தள்ளி விட்ட பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை வாங்கிப் படித்தே பைத்தியமானவர். பெயர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் இலங்கையில் குடியேறி, 2008ல் அங்கேயே கண் மூடிய அதே கிளார்க். தணிக்கை வேலை பார்த்தவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. மறுவருடம் அவரும் வில்லியம் டெம்பிளும் லண்டன் கிரேஸ் இன் ரோட்டில் சேர்ந்து ஒரு வீடு எடுத்தார்கள். ரசிகர் கூட்டமும் ராக்கெட் சங்கமும் நடந்தது அந்த வீட்டில்தான். ஆக, கடிதத்தில் பழக்கம், மாநாட்டில் சந்திப்பு, கடைசியில் ஒரே வீட்டு வாடகையில் பங்கு. நல்லபடியாக முடிந்தால் இப்படியும் முடியும்.

நியூயார்க்கில் அப்படி முடியவில்லை.

எழுத்தில் சண்டை போடுவதில் ஒரு வசதி உண்டு. எதிராளியை நீங்கள் வெளியேற்ற முடியாது. அவன் தன் குட்டிப் பத்திரிகையில் எழுதுவான், நீங்கள் உங்களுடையதில் எழுதுவீர்கள். அவன் வாயை அடைக்க வழியே இல்லை. ஆனால் மண்டபம் என்று ஒன்று வந்து விட்டால் அதற்குக் கதவு இருக்கிறது. கதவு இருந்தால் அதன் பக்கத்தில் நிற்பதற்கு ஒருவன் வேண்டும். அவன் கையில் ஒரு புது அதிகாரம் வந்து விடுகிறது.

வோல்ஹைம், மிஷல், போல் கோஷ்டி இடதுசாரிகள். உலகத்தில் பாசிசம் வளரும்போது ராக்கெட் கதை படித்துக் கொண்டு சும்மா இருக்கலாமா, ரசிகர்கள் அரசியலில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1937ல் பிலடெல்பியாவில் கூடியபோது மிஷல் எழுதிய உரையை வோல்ஹைம் மேடையில் வாசித்தார், அன்றோடு கூட்டம் இரண்டாகப் பிளந்தது. 1938 செப்டம்பரில் இவர்கள் 'ஃப்யூச்சரியன்ஸ்' என்று தனிச் சங்கம் கண்டார்கள். அசிமோவ் சேர்ந்தது இங்கேதான். எதிர்க் கட்சியில் சாம் மாஸ்கோவிட்ஸ், ஜேம்ஸ் டாரசி, அப்புறம் வில்லியம் சைகோரா. சைகோரா ஞாபகம் இருக்கிறதா? 1936ல் அதே ரயிலில் வோல்ஹைமோடு பிலடெல்பியா போனவர்.

1939ல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி. நாளைய உலகம் என்பதுதான் அதன் கருப்பொருளே. இதை விட நல்ல சமயம் கிடைக்குமா? கண்காட்சியை ஒட்டி 'உலக விஞ்ஞானக் கதை மாநாடு' என்று பெயர் வைத்து, ஜூலை 2, 3, 4 தேதிகளில் மன்ஹாட்டனில் கேரவன் ஹாலைப் பிடித்தார்கள். நடத்தும் உரிமை மாஸ்கோவிட்ஸ் கோஷ்டிக்குப் போனது. தலைவர் மாஸ்கோவிட்ஸுக்கு இரண்டு நாள் முன்னால்தான் 19 வயது நிறைந்திருந்தது. வந்தவர்கள் சுமார் 200 பேர். சிறப்பு விருந்தினர் ஓவியர் ஃபிராங்க் ஆர். பால். 'மெட்ரோபோலிஸ்' படம் காட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து ஃபாரஸ்ட் அக்கர்மனும் மைர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் வந்து தெருவையே வேடிக்கை பார்க்க வைத்தார்கள். இன்றைய வேடமணிந்த ரசிகர் திருவிழாக்களுக்கெல்லாம் இதுதான் ஆரம்பம் என்று எழுதுகிறவர்கள் ரொம்ப நாளாக அக்கர்மன் பெயரை மட்டுமே எழுதி வந்தார்கள். இரண்டு உடையையும் தைத்தது மைர்ட்டில். அவர் ரசிகர் வட்டத்தில் 'மொரோஜோ' என்ற பெயரில் எழுதியவர், பத்திரிகை நடத்தியவர். 200 பேரில் பெண்கள் மிகச் சிலர், அந்தச் சிலரிலும் ஒருவரின் தையலுக்குக் கூடப் பெயர் கிடைக்கவில்லை.

பிராட்பரி அக்கர்மனிடம் கடன் வாங்கி, நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு பஸ்ஸில் வந்தார். தன் கதையோடு நண்பன் ஹானஸ் போக்கின் ஓவியங்களையும் தூக்கிக் கொண்டு வந்து 'வியர்ட் டேல்ஸ்' ஆசிரியரிடம் காட்டினார். அதே வருட டிசம்பர் இதழில் போக்கின் அட்டைப்படம் வந்து விட்டது. கடனையும் அடைத்து விட்டார். இந்த மாநாட்டில் எனக்கு மிகப் பிடித்த ஆள் பிராட்பரிதான்.

முதல் நாள் வாசலில் நடந்தது இது. டேவிட் கைல் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்திருந்தார். தலைப்பு 'எச்சரிக்கை'. மாநாட்டுக்காரர்கள் சர்வாதிகாரம் செய்யப் போகிறார்கள், ஜனநாயகம் கேளுங்கள் என்று சாரம். கட்டுக்கட்டாக ஹாலில் வெப்பமூட்டும் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். மாஸ்கோவிட்ஸ் கையில் அது சிக்கியது. யார் எழுதியது என்று தெரியாமல், வோல்ஹைம் கோஷ்டி கலாட்டா செய்ய வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். அமைதியாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தால் உள்ளே போகலாம் என்றார். தன்மானம் இருக்கிறவன் கொடுப்பானா? வோல்ஹைம், போல், மிஷல், ராபர்ட் லவுண்டஸ், ஜாக் கில்லெஸ்பி, பதினாறு வயது சிரில் கார்ன்ப்ளூத் ஆகிய ஆறு பேருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது.

சர்வாதிகாரம் செய்வார்கள் என்று எழுதிய தாளைப் பார்த்து, அதற்குத் தண்டனையாக, வேறு ஆறு பேரை வெளியே தள்ளுவது. அந்தப் பிரசுரத்துக்கு இதை விட நல்ல ஆதாரம் யாரும் தந்திருக்க முடியாது. எழுதிய கைல் உள்ளே உட்கார்ந்திருந்தார்!

அசிமோவும் உள்ளேதான் இருந்தார். அவரும் ஃப்யூச்சரியன்தான், ஆனால் யாரும் தடுக்கவில்லை, நேராக நடந்து போய் உட்கார்ந்து விட்டார். நண்பர்கள் வெளியே நிற்கிறார்கள். இவர் முதல் கதை அந்த வருடம் மார்ச்சில்தான் 'அமேசிங்'கில் வந்திருந்தது, மேடையேற்றி அறிமுகமும் செய்தார்கள். எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லையே என்று பின்னாளில் தன் சுயசரிதையில் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் பெயரைத் தெரிந்த 200 பேர் ஒரே அறையில். 19 வயதில் அதை விட்டு விட்டு எழுந்து போக எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சண்டை அதோடு ஓயவில்லை. மாஸ்கோவிட்ஸ் இந்த 1930களின் ரசிகர் அரசியலைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார், 1954ல் வந்தது. மறு கட்சியின் கதையை டேமன் நைட் 1977ல் எழுதினார். இரண்டிலும் அதே வாசல், அதே ரேடியேட்டர், ஆனால் நியாயம் வேறு வேறு. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யாரும் வீணாகவும் போகவில்லை. போல் 'கேலக்ஸி' இதழின் ஆசிரியரானார். கார்ன்ப்ளூத் அவரோடு சேர்ந்து எழுதிய நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. வோல்ஹைம் 1971ல் 'டா' பதிப்பகம் தொடங்கினார்.

மாநாடு 1940ல் சிகாகோ, 1941ல் டென்வர் என்று தொடர்ந்து, யுத்தத்தால் நான்கு வருடம் நின்று, 1946ல் மறுபடி லாஸ் ஏஞ்சலிஸில் கூடியது. 1953ல் அங்கே ஒரு விருது ஆரம்பித்தார்கள், அதற்கு 'ஹியூகோ' என்று பெயர். காசு தராத அதே கெர்ன்ஸ்பேக்கின் நினைவாகத்தான்! 1955ல் கிளீவ்லாந்து மாநாட்டில் சிறப்பு விருந்தினர் அசிமோவ். இன்னொரு விருந்தினர் பெயரைக் கடைசி வரை ரகசியமாக வைத்திருந்து அறிவித்தார்கள், மாஸ்கோவிட்ஸ். 1956ல் மறுபடி நியூயார்க். விருந்தினர் ஆர்தர் கிளார்க், தலைமை ஏற்று நடத்தியவர் ரேடியேட்டருக்குப் பின்னால் துண்டுப் பிரசுரம் ஒளித்த டேவிட் கைல். 1972ல் போலை அழைத்தார்கள். வோல்ஹைமுக்கு மட்டும் ரொம்பத் தாமதம். 1988ல் நியூ ஆர்லியன்ஸில் அவரைச் சிறப்பு விருந்தினராக மேடையேற்றினார்கள், கேரவன் ஹால் வாசலில் நிறுத்தி 49 வருடம் கழித்து. அவருக்கு அப்போது வயது 73.